பாலத்தை முடித்த பெண்மணி

நியூயோர்க் நகரின் கிழக்கு ஆற்றைக் கடக்கும் புரூக்ளின் தொங்குபாலத்தின் பெயரை நாம் கேட்டிருக்கிறோம். அதன் வரலாற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பாலத்தைத் திட்டமிட்ட பொறியியலாளர் ஜோன் ரோப்ளிங், நில அளவையின்போது படகொன்று மோதிக் காலிற் காயமுற்று, 1869ஆம் ஆண்டில் ஏற்புவலியால் மாண்டார். மகன் வொஷிங்டன் பொறுப்பேற்றார். ஆற்றினடியில் தூண்களுக்கு அத்திவாரமிட, அமுக்கிய காற்று நிரம்பிய மாபெரும் மரப்பெட்டிகளினுள்ளே தொழிலாளர் மண் அகழ்ந்தனர். அங்கிருந்து விரைவாக மேலேறினால், குருதியிற் கரைந்துள்ள நைதரசன் குமிழிகளாகப் பிரியும். மூட்டுக்கள் நோகும், உடல் முடங்கும், உயிரும் போகும். அன்று இக்காரணத்தை எவரும் தெளிவாக அறிந்திலர். 1872இல் வொஷிங்டனும் அந்நோய்க்கு ஆளாகிப் படுக்கையில் வீழ்ந்தார்.

வேலை நின்றுவிடுமோ என்று பலர் ஐயுற்றனர். அவர் மனைவி எமிலியோ கணிதமும், கம்பிவட அமைப்பும், பொருள்களின் வலிமையும் கற்றுத் தேர்ந்தார். நாள்தோறும் கணவரின் கட்டளைகளை வேலைத்தலத்துக்குக் கொண்டுசென்று, பொறியியலாளரின் ஐயங்களுக்கு விடை கூறினார்.

1883 மே 24ஆம் நாள், 1,595 அடி நடுவிடைவெளியுடன், அக்காலத்து உலகின் மிக நீண்ட தொங்குபாலமாக அது திறக்கப்பட்டது. இன்று அப்பாலத்திற் பதித்த வெண்கலத் தகட்டில், கணவர், மாமனார் பெயர்களுடன் எமிலியின் பெயரும் விளங்குகின்றது.