நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு நடத்தத் தெரியாதா?

பள்ளிக்கூடங்களில் என்டிஎஸ்இ என்றால்தான் தெரியும். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கான அந்தத் தேசியத் திறனாய்வுத் தேர்வை ‘மறு உத்தரவு வரும்வரை’ நிறுத்திவைப்பதாக 2022-ல் மத்திய அரசுத் தரப்பில் அறிவித்தார்கள். திட்டத்துக்கான ஒப்புதல் 2021 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது, இப்போதுள்ள வடிவில் தொடர அனுமதி இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஒப்புதல் தர வேண்டியவர்களும் அவர்கள்தான். ஒப்புதல் இல்லை என்று கைவிரிப்பவர்களும் அவர்கள்தான். அன்று பத்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் கல்லூரிக்கே போய்விட்டார்கள். மறு உத்தரவுதான் வந்தபாடில்லை.

1963-ல் டெல்லியில் வெறும் 10 பேருக்கான அறிவியல் உதவித்தொகையாகத் தொடங்கி, மறு ஆண்டே நாடு முழுவதற்கும் விரிந்த திட்டம் இது. 1976-ல் அறிவியலைத் தாண்டி மற்ற பாடங்களுக்கும் விரிந்தது. கடைசியாக ஆண்டுக்கு 2,000 பேர் தேர்வானார்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு இருந்தது. தமிழிலேயே எழுத முடிந்தது. முதல் கட்டத்தைத் தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தியது. அதில் தேறியவர்களுக்கு மத்திய அரசின் என்சிஇஆர்டி அமைப்பு இரண்டாம் கட்டம் வைத்தது.

இரண்டு தாள்கள், ஓஎம்ஆர் விடைத்தாளில் கறுப்பு மைப் பேனாவால் நிரப்பிய வட்டங்கள். ஒன்று பாட அறிவுக்கு. மற்றொன்றில் எண்வரிசை, கண்ணாடியில் தெரியும் உருவம், உறவுமுறைப் புதிர் என்று மனத்திறனுக்கான கேள்விகள். காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் கைகொடுத்த மனப்பாடம் இங்கே செல்லவில்லை. வகுப்பில் எப்போதும் மூன்றாம், நான்காம் இடத்திலேயே இருந்த பிள்ளை இதில் முந்திவிட்டதுண்டு. அப்படிப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்ட பொதுத்தேர்வு மதிப்பெண்ணால் முடியாது.

அப்படியென்ன செலவு? பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் மாதம் 1,250 ரூபாய், இளநிலை, முதுநிலைப் படிப்பில் மாதம் 2,000 ரூபாய். 2,000 பேரும் ஒருவர் விடாமல் வாங்கினாலும், பள்ளியில் இரண்டு அணி, கல்லூரியில் ஐந்து அணி என்று ஒரே நேரத்தில் ஏழு அணிகளுக்குக் கொடுத்தாலும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 கோடி ரூபாய். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் ஆண்டு ஒதுக்கீடோ 1 லட்சம் கோடியைத் தாண்டுகிறது. பணமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்லவும் இல்லை. உருப்படியான காரணம் எதையுமே சொல்லவில்லை என்பதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

பணத்தைவிடப் பெரிது அந்தச் சான்றிதழ். ஐம்பது வயதைத் தாண்டிய பேராசிரியர்களும் நிறுவனத் தலைவர்களும் தங்கள் வாழ்க்கைக் குறிப்பில் முனைவர் பட்டத்தோடு ‘தேசியத் திறனாய்வு உதவித்தொகை பெற்றவர்’ என்ற வரியையும் விடாமல் வைத்திருப்பதைப் பார்க்கலாம். பதினைந்து வயதில் கிடைத்த அங்கீகாரம் அது. சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, ‘உன்னால் முடியும்’ என்று நாடே சொன்ன முதல் வார்த்தை. 2021-க்குப் பிறகு பத்தாம் வகுப்பைக் கடந்தவர்களின் சான்றிதழ் கோப்பில் அந்தத் தாளுக்கு இடமே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

பயிற்சி மையங்கள் தேர்வைக் கைப்பற்றிவிட்டன, நகரத்துப் பிள்ளைகளே அதிகம் வென்றார்கள் என்பார்கள். உண்மைதான். அதற்காகத் தேர்வையே நிறுத்துவதா? ஜேஇஇ, நீட் பயிற்சி மையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்தபோது இந்தக் கரிசனம் எங்கே போயிருந்தது?

இவர்களுக்கு இது முதல் தடவையும் அல்ல. 1999-ல் தொடங்கிய கேவிபிஒய் என்ற அறிவியல் உதவித்தொகைத் தேர்வு, 2022-ல் வேறொரு திட்டத்தோடு இணைக்கப்படுவதாகச் சொல்லப்பட்டுக் காணாமல் போனது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குள் நுழைய மாணவர்களுக்கு அது ஒரு வாசலாக இருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று, விஞ்ஞானிகளுக்கு வழக்கமாக அன்று அறிவிக்கப்படும் பட்நாகர் விருது அறிவிக்கப்படாமலே நாள் கழிந்தது. அவர்கள் மறு ஆண்டு வரை காத்திருந்தார்கள். நவம்பரில், சிறுபான்மைப் பிள்ளைகளுக்கான பள்ளி உதவித்தொகையில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கைவைத்தார்கள். டிசம்பரில் மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முடிவுரை எழுதினார்கள். ஒரே ஆண்டில் இத்தனை!

குழந்தைகளுக்கான வீரதீர விருதையும் விட்டுவைக்கவில்லை. 1957-ல் டெல்லி ராம்லீலா மைதானத்தில் பந்தல் தீப்பிடித்தபோது, 14 வயது சாரணச் சிறுவன் ஹரிஷ் சந்திர மெஹ்ரா தன் கத்தியால் துணியைக் கிழித்து, பிரதமர் நேரு உட்படப் பலருக்கு வழி உண்டாக்கினான். அதிலிருந்து பிறந்தது அந்த விருது. குடியரசு தின அணிவகுப்பில் விருதுக் குழந்தைகள் யானை மீது வந்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்றும் இருக்கிறது. விருதை நடத்திவந்த அமைப்பின் மீது நிதிப் புகார் என்று காரணம் காட்டி அதனுடன் உறவை முறித்துக்கொண்டு, வேறு பெயரில் புதிய விருதை ஏற்படுத்தினார்கள். புகார் இருந்தால் விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் 2019-ல் அந்த அமைப்பு தேர்ந்தெடுத்த குழந்தைகளுக்கு ராஜபாதையில் இடமில்லாமல் போனதற்கு அந்தக் குழந்தைகள் என்ன தப்பு செய்தார்கள்?

முதலில் இருப்பதை நிறுத்துவது, மாற்று பிறகு வரும் என்பது, அந்தப் ‘பிறகு’ ஆண்டுக்கணக்கில் நீள்வது. பெரியவர்களின் திட்டங்களில் இந்தத் தாமதத்தைச் சகித்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு ஒருமுறைதான் வரும்.

2023-ல் தமிழ்நாடு அரசு, முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு என்று ஒன்றைத் தொடங்கி அரசுப் பள்ளி மாணவர்கள் 1,000 பேருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் அறிவித்தது. ஒரு மாநிலம் தன் சக்திக்கு உட்பட்டுச் செய்ததை, நாட்டின் கல்வியையே தன் கையில் வைத்திருப்பதாகச் சொல்பவர்கள் செய்யாமல் தட்டிக்கழிக்கிறார்கள். பழைய தேர்வோ, திருத்திய தேர்வோ, புதிய பெயரில் வேறொன்றோ, கல்வியாளர்களையும் மாநிலங்களையும் கலந்து பேசி விரைவில் ஒரு நல்ல முடிவுக்கு வரட்டும். அதுவரை, ‘மறு உத்தரவு’ என்ற போர்வைக்குள் ஒளிந்துகொள்வதையாவது விட்டுவிட்டு, இந்தத் திட்டம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று வெளிப்படையாகச் சொல்லட்டும்.