முதல் அமைப்புக் கோப்புக்கு எத்தனை வரி?

மலேசியாவில் லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நீலாய்க்கும் சிரம்பானுக்கும் கணினி படிக்கப் போகும் பிள்ளைகளில் சிலர் ஈமாக்ஸ் பக்கமும் எட்டிப் பார்ப்பார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1980களில் எழுதி வெளியிட்ட இந்த உரைத்திருத்தியில், எழுத்தின் அளவிலிருந்து எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்பது வரை நாமே மாற்றலாம். மாற்றங்களை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், திறக்கும்போதெல்லாம் அதைப் படித்துக்கொண்டுதான் எழும்பும்.

சிக்கலும் அந்தக் கோப்பில்தான். விவரம் தெரிந்த அண்ணன் ஒருவர் பாசத்தோடு தன் கோப்பை அப்படியே அனுப்பிவிடுகிறார். அதுவோ, முதல் முறை திறந்ததுமே இணையத்திலிருந்து துணைநிரல்களை வரிசையாக இறக்கத் தொடங்கும். செம்பனைக்கு நடுவே, கைப்பேசியை ஜன்னலோரம் வைத்து ஹாட்ஸ்பாட் பிடிக்கிற வீட்டில் அது பாதியில் நின்றால், திரையில் வரும் பிழைச் செய்தி தம்பிக்கு எப்படிப் புரியும்? அந்த வரியை ஏன் எழுதினோம் என்று அண்ணனுக்கே நினைவிருக்காது.

ஈமாக்ஸுக்குள் ஏற்கெனவே இருப்பதை மட்டும் வைத்து ஐந்தாறு வரி கொடுத்தால் போதும். எழுத்தளவுக்கு ஒன்று: 14 புள்ளி வேண்டுமென்றால் 140 என்று போட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் 14 என்று போட்டுவிட்டு, எறும்பளவு எழுத்தைப் பார்த்து மிரளுவார்கள். நீண்ட வரி சொல் உடையாமல் மடிய ஒன்று. கோப்புகளுக்குப் பக்கத்தில் அலைக்குறியோடு முளைக்கும் காப்புப் பிரதிகளைத் தனி அடைவில் ஒதுக்க ஒன்று. பழகிய கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி வேலை செய்ய ஒன்று. இதற்குப் பழம் பெருச்சாளிகள் முகம் சுளிப்பார்கள்; சுளிக்கட்டும்.

தமிழுக்கும் ஒன்று. 1985இல் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளின் வழியில், ஒலிப்பு முறையில் தட்டச்சு செய்து பழகியவர்கள் மலேசியாவில் ஏராளம். 2023இல் வெளிவந்த ஈமாக்ஸ் 29இல் தமிழுக்கு ஒலிப்பு முறை உள்ளேயே இருக்கிறது. அதை இயல்பு முறையாகக் குறித்துவிட்டால், கண்ட்ரோலோடு பின்சாய்கோட்டைத் தட்டினால் தமிழ், மறுபடி தட்டினால் ஆங்கிலம். ஏதாவது எழுத்து கைக்குப் பழகாத விசையில் இருந்தால் அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வரிக்கு மேலும் அரைப்புள்ளி இட்டு, அது என்ன செய்கிறது என்று தமிழிலேயே எழுதுங்கள். அரைப்புள்ளிக்குப் பின் வருவதை ஈமாக்ஸ் கண்டுகொள்ளாது, அது படிக்கிறவருக்கு. நியோவிம் என்ற இன்னோர் உரைத்திருத்தியைப் பயன்படுத்துவோரிடையே பரவியுள்ள கிக்ஸ்டார்ட் என்ற தொடக்க அமைப்பும் ஒரே கோப்புதான், விளக்கங்கள் நிறைந்தது. ஆனால் அதுவும் துணைநிரல்களை இறக்கச் சொல்லும்.

கோளாறு வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். கட்டளையில் ஈமாக்ஸ் என்ற பெயருக்குப் பின் இடைக்கோடும் பெரிய எழுத்துக் கியூவும் சேர்த்தால், கோப்பைப் படிக்காமலே அது திறக்கும். அப்படித் திறந்து ஒழுங்காக இருந்தால் பிழை கோப்பில்தான். பாதி வரிகளை அரைப்புள்ளியால் மறைத்துத் திறந்து பார்த்தால் எந்தப் பாதியில் என்று தெரிந்துவிடும். ஆறு வரிக் கோப்பில் அது ஐந்து நிமிட வேலை.