ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்லும் தோழர்களுக்கு

என் கிடார் ஆம்ப் எரிந்துபோய் மூன்று மாதம் ஆகிறது. போளூருக்கு மேற்கே, ஜவ்வாது மலையடிவாரத்தை நோக்கிப் போகும் சாலையோரம் இருக்கிறது எங்கள் காலனி. அன்று சாயங்காலம் காற்றும் தூறலுமாக இருந்தது. குண்டு பல்பு திடீரென்று வெள்ளையாகச் சீறியது. மின்விசிறி தறிகெட்டுச் சுற்றியது. ஆம்பை அணைக்க நான் எழுந்திருப்பதற்குள் கருகல் வாடை வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவின் டிவியும் அதே நொடியில் போனது. லைனில் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கிறது. மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் போனால், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்குள் 400 வரைகூட நுழையலாம்.

இதைக் கேட்ட சென்னைத் தோழர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டிருக்கலாமே தோழர்." அக்கறையாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்த வாக்கியத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

அதற்குமுன், அதில் சரியாக இருப்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஸ்டெபிலைசர் தேவைதான். வோல்டேஜ் எல்லை மீறினால் தானே துண்டிக்கும் கட்-ஆஃப், கரண்ட் வந்த பிறகு சில நிமிடம் பொறுத்து விடும் டைம் டிலே, இந்த இரண்டும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கரண்ட் போன உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்பைக் பஸ்டரை நம்பாதீர்கள், லோ வோல்டேஜுக்கு அது எதுவும் செய்யாது. எல்லாவற்றையும்விட முக்கியம் எர்த். பிளக்கின் மூன்றாவது முள்ளை ஒடித்துவிட்டுச் சொருகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கிடாரின் கம்பிகள் ஆம்பின் உலோக உடலோடு சேர்ந்தவை. எர்த் இல்லாமல் உள்ளே கசிவு வந்தால் அது வாசிப்பவன் விரலுக்குத்தான் வரும். லெஸ் ஹார்வி என்ற ஸ்காட்லாந்து கிடார் கலைஞர் 1972 மே 3 அன்று ஸ்வான்சீ நகரில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே செத்துப்போனார். எங்கள் தொகுப்பு வீட்டில் எர்த் கிடையாது. நானும் தம்பியும் பின்பக்கம் குழி தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துக்கொண்டோம். ஸ்டெபிலைசரைவிடச் செலவு குறைவு.

இனி சண்டைக்கு வருகிறேன்.

மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் மல்டிமீட்டர் 170ஐ ஒட்டிக் காட்டும். அதே நேரத்தில் ஊர்த்தெருவில், ட்ரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துக் கடையில் 220. வீட்டுக்கு வரும் வோல்டேஜ் அறிவித்த அளவிலிருந்து 6 சதவீதத்துக்குமேல் மாறக் கூடாது என்று 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 54ஆம் விதி சொன்னது. 230க்குக் கணக்குப் போட்டால், 216க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்குவதில் மர்மம் எதுவும் இல்லை. கம்பி நீள நீள, வழியில் சுமை கூடக் கூட, வோல்டேஜ் விழும். ட்ரான்ஸ்பார்மர் ஊரில் இருக்கிறது. அங்கிருந்து ஊர்த்தெரு, பிறகு நெல் வயல்களின் மோட்டார்கள், எல்லாம் முடிந்த பிறகுதான் நாங்கள். ஒரு மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமாக இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அப்போது எங்கள் டியூப்லைட் கண்ணடிக்கும்.

இந்த இடத்தில் ஸ்டெபிலைசர் என்ன செய்கிறது? 170ஐ 220 ஆக்குவதற்கு அது லைனிலிருந்து கூடுதல் கரண்டை இழுக்கிறது. அந்த இழுப்பு லைனில் வோல்டேஜை இன்னும் இறக்குகிறது. என் 15 வாட் ஆம்புக்கு இது சொற்பம். ஆனால் தெருவில் பத்து வீடு ஃப்ரிட்ஜுக்கு மாட்டினால், மாட்ட வழியில்லாத கடைசி வீட்டுப் பாட்டியின் பல்பு மேலும் மங்கும். என் பொருளை நான் காப்பாற்றிக்கொள்வதற்கான விலையில் ஒரு பங்கை அவர் கொடுப்பார்.

"மின்சாரத்துக்குமா சாதி? ஊர்த்தெருவின் கடைசி வீட்டிலும் லோ வோல்டேஜ்தானே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். எலக்ட்ரானுக்குச் சாதி தெரியாது. லைனின் கடைசியில் யார் குடியிருப்பது என்பதை முடிவு செய்தது சாதி. கம்பம் நட்டவர்கள் அந்த வரைபடத்தின் மேலேயே நட்டுக்கொண்டு போனார்கள். 1997 வரை, ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எதற்காகவாவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அது மின்மயமான கிராமம். ஒரு பம்புசெட் ஓடினால் கணக்கு முடிந்தது. 2004இல் வந்த வரையறையில்தான், தலித் குடியிருப்பு இருந்தால் அங்கும் ட்ரான்ஸ்பார்மர், லைன் போன்ற அடிப்படை வசதி இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். தனியாக எழுத வேண்டிவந்ததே ஒரு வாக்குமூலம். அதிலும் நூற்றுக்குப் பத்து வீட்டில் இணைப்பு இருந்தால் போதும் என்றார்கள், எத்தனை வோல்ட் என்று கேட்கவில்லை. 1988-89இல் மத்திய அரசு கொண்டுவந்த குடீர் ஜோதி திட்டம், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்த குடும்பத்துக்கு ஒரே ஒரு விளக்குக்கு இணைப்பு கொடுத்தது. அந்தக் கணக்கில் பிளக் பாயின்ட் கிடையாது. ('காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லது, பெயர் போகட்டும். கம்பி அதே இடத்தில்தான் இருக்கிறது.)

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில் மின்சாரமும் இருந்தது. மின்சாரம் மலிவாகவும் போதுமான அளவிலும் கிடைக்க வேண்டும் என்றுதான் 1943இல் மின்சக்திக் கொள்கைக் குழுவின் தலைவராக அவர் வாதாடினார். அவர் படத்தை ஊர்வலத்தில் தூக்கும் நாம் இதைப் பேசுவதே இல்லை.

இன்னொரு அறிவுரையும் வந்தது: "கிடார் எதுக்கு தோழர், பறை அடிங்க, அதுதானே நம்ம அடையாளம்?" பறை எனக்குத் தெரியும், என் தாத்தா அடித்தது. அதைத் தீயில் காய்ச்சினால் போதும், கரண்ட் வேண்டாம். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியபோது, பறையும் கானாவும் எலக்ட்ரிக் கிடாரும் சேர்ந்து முழங்கியதைச் செல்போனில் பார்த்துத்தான் நான் கிடார் வாங்கினேன். மடி வாட்டர்ஸ் 1943இல் மிசிசிப்பிப் பண்ணையை விட்டு சிகாகோ போனவர். அங்கே மதுக்கூடச் சத்தத்தில் தன் பாட்டு கேட்க வேண்டும் என்றுதான் மின்சாரக் கிடாரை எடுத்தார். சத்தமாகக் கேட்க நினைப்பவனிடம் பழைய கருவியே போதும் என்று சொல்வதும், ஒரு விளக்கே போதும் என்று சொல்வதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது.

ஆம்பை ரிப்பேர் செய்தாயிற்று, ஸ்டெபிலைசரும் வாங்கிவிட்டேன். ஆனால் காலனிக்கென்று தனி ட்ரான்ஸ்பார்மர் வேண்டும். உயரழுத்த லைனைக் காலனி வரை கொண்டுவந்து, தாழ்வழுத்த லைனின் நீளத்தைக் குறைக்க வேண்டும். நாங்கள் ஏழு பேர் முறை வைத்து, தினமும் ஏழு மணிக்குக் காலனியிலும் ஊர்த்தெருவிலும் மீட்டர் வைத்து நோட்டில் எழுதிவருகிறோம். இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. முப்பது நாள் ஆனதும் அந்த நோட்டின் நகலோடு, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகம் போகிறோம். சென்னைத் தோழர்கள் வருவதானால் காலை ஒன்பது மணிக்குப் போளூர் பேருந்து நிலையத்தில் நிற்போம்.