ஏலாமப் போயிட்டு மச்சான்

போன மாதம் இஷாத் தொழுகை முடிந்து கடற்கரைப் பக்கம் நடந்துபோகையில் உறவுக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஐம்பத்தொரு வயது. வயலும் சின்ன வியாபாரமும் உள்ள மனிதர். மூத்த மகளைக் கட்டிக்கொடுத்து இரண்டு வருசம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஏலாமப் போயிட்டு மச்சான்."

எது என்று நான் கேட்கவில்லை. குரலே சொல்லிவிட்டது.

"எவ்வளவு நாளா?"

"ஒண்டரை வருசம் இருக்கும்."

"ஆருக்கிட்டயாவது காட்டினீங்களா?"

"என்னெண்டு காட்டுற? ஆசுபத்திரியில இருக்கிற டாக்குத்தர் பக்கத்து வீட்டுப் புள்ள. நான் தூக்கி வளத்த புள்ள."

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பைக்கற்றை எடுத்துக் காட்டினார். விரல் நீளம், தங்க நிறத் தாள். தேனாம். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த ஒருவர் கொடுத்தது. ஒன்றைச் சாப்பிட்டாராம், நல்ல வேலை செய்ததாம். "இன்னும் ரெண்டு கிடக்கு. ஒண்டு காக்காவுக்கு எடுத்து வச்சிருக்கன்."

எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. அவருடைய காக்கா நெஞ்சு வருத்தக்காரர். வலி வந்தால் நாக்கடியில் வைக்கும் குளிசை எந்நேரமும் மடியில் இருக்கும்.

இந்தத் தேன் சங்கதி சும்மா விசயமில்லை. 2022இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இப்படிப்பட்ட தேன் பைக்கற்றுகளைச் சோதித்தபோது, உறையில் சொல்லாமல் உள்ளே சில்டெனாபிலும் டடலாபிலும் கலந்திருந்ததைக் கண்டு, நான்கு கம்பனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. வயகரா என்று ஊர் அறிந்த மருந்துதான் சில்டெனாபில். நாக்கடிக் குளிசை நைத்திரேற்று வகை. இரண்டும் ஓர் உடம்பில் சேர்ந்தால் பிரசர் சடாரென்று விழுந்து ஆளே போய்விடலாம். அன்றிரவு அந்த இரண்டு பைக்கற்றையும் நானே வாங்கி, கடல் மணலில் கால் முழம் தோண்டிப் புதைத்தேன்.

சில்டெனாபிலே முதலில் நெஞ்சுவலிக்காகத்தான் சோதிக்கப்பட்டது. 1998இல் அது சந்தைக்கு வந்தது. இரத்தக் குழாயை விரியச் செய்யும் நைத்திரிக் ஒட்சைட்டைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே வருசம். இரத்தம் பாய்ந்தால்தான் ஆணுறுப்பு எழும்பும். அங்கே போகும் நாடியின் அகலம் ஒன்று, இரண்டு மில்லிமீற்றர். இருதயத்துக்குப் போகும் நாடி மூன்று, நான்கு மில்லிமீற்றர். சீனி வருத்தம், பிரசர், கொழுப்பு, சிகரெட் எல்லாமாகச் சேர்ந்து குழாயின் உட்சுவரைக் கெடுக்கும்போது சின்னக் குழாய்தான் முதலில் குறை காட்டும். பெரியது காட்ட இரண்டு, மூன்று வருசம் செல்லலாம். அந்த இடைவெளி அல்லாஹ் தந்த தவணை என்றே நான் நம்புகிறேன். அந்தத் தவணையை எங்கள் ஆண்கள் லேகியத்திலும் தேனிலும் கழித்துவிடுகிறார்கள்.

வயதோடு வருகிற மாற்றம் வேறு. இருபத்தைந்தில் நினைப்பே போதும். ஐம்பதில் தொடுகை வேண்டும், நேரம் வேண்டும், இடைவெளியும் கூடும். இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. பொஸ்டன் பக்கத்தில் 40 முதல் 70 வயது வரையான ஆண்களிடம் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வில், கொஞ்சமாகவோ அதிகமாகவோ 52 சதவீதத்தினருக்கு இந்தக் குறை இருந்தது. ஆனால் மாதக்கணக்காக ஏலாமல் போய், விடியச் சுபஹுக்கு எழும்பும்போதும் அந்த எழுச்சி இல்லையென்றால், சோதித்தே ஆக வேண்டும்.

மனமும் இடமும் செய்கிற வேலையும் இதில் உண்டு. எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். வீட்டைக் கட்டிய வாப்பாவும் உம்மாவும் பின்வளவில் ஓர் அறையும் குசினியும் போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். இளைய பிள்ளைகளும் அந்த அறையில்தான். உடம்புக்கு ஆறுதலும் அவகாசமும் தேவைப்படுகிற வயதில் பூட்டிக்கொள்ளக் கதவில்லாமல் போகிறது. இந்த உறவுக்காரருடைய பாய் இப்போது விறாந்தையில் கிடக்கிறது. இதை எந்தப் பரிசாரியும் கேட்பதில்லை.

டாக்குத்தரிடம் போக வெட்கம் என்றார். வெட்கம் நல்ல குணம்தான். அலி ரலியல்லாஹு அன்ஹு அவர்களுக்கும் இதைப்போல் உடம்பு சம்பந்தமான ஒரு கேள்வி இருந்தது. நபிகளாரின் மருமகன் என்பதால் கேட்க வெட்கப்பட்டார்கள். கேள்வியை விழுங்கவில்லை, நபித்தோழர் மிக்தாத் அவர்களை அனுப்பிக் கேட்டார்கள். ஹதீஸில் இருக்கிறது. இதைச் சொன்னதும் அவர் கொஞ்சநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப நீங்க கேட்டுப் பாருங்களன்" என்றார்.

கேட்டேன். அந்த டாக்குத்தர்ப் பிள்ளையின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "வெறும் வயித்தோட வரச்சொல்லுங்க மாமா. சீனி, கொலஸ்ட்ரோல் பார்ப்பம், ஈசிஜி எடுப்பம். ஏற்கெனவே பாவிக்கிற பிரசர்க் குளிசையையும் கொண்டரச் சொல்லுங்க. சிலதால இது வரும், ஆனா தானா நிப்பாட்ட வேணாமெண்டு சொல்லுங்க."

சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இந்தச் சீனி, பிரசர் பரிசோதனை இலவசம். 2011இலிருந்து நடக்கிறது. போகிறவர்களில் பெரும்பகுதி பெண்கள்.

அவர் போனார். சாப்பிடாத சீனி 218. இப்போது கையில் கிளினிக் கொப்பி இருக்கிறது, சிகரெட்டை விட்டு மூன்று கிழமை. போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"இன்னும் பெரிசா ஒண்டும் மாறல்ல மச்சான். ஆனா மனுசிக்கிட்டச் சொல்லிட்டன்."

"என்ன சொன்னா?"

"அழுதா. ஒண்டரை வருசமா அவவப் புடிக்காமப் போயிட்டெண்டு நினைச்சிட்டு இருந்திருக்கா."