புல்லின் நோயும் நம் பொறுப்பும்

செம்பூரில் நாம் குடியிருக்கும் கட்டடத்தின் முன்னே சிறியதொரு புல்வெளி உண்டு. மாலை வேளையில் குழந்தைகள் ஓடியாடுவதும், முதியோர் அமர்ந்து ஊர்க்கதை பேசுவதும் அங்கேதான். சென்ற மழைக்காலத்தில் அப்புல்வெளியில் வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டுகள் தோன்றின. இரண்டே வாரங்களில் அவை ஒன்றோடொன்று கூடிப் பாதி நிலத்தைப் பற்றிக்கொண்டன. புல்லை அகற்றிவிட்டுச் சிமெண்டுக் கல் பதித்துவிடலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் பலரும் கூறினர்.

அப்பொழுது தஞ்சைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் புல்லொன்றைப் பிடுங்கிப் பார்த்து, "இது நெல்லுக்கு வரும் நோய் போலல்லவா இருக்கிறது!" என்றார். அவர் கூற்றில் உண்மை உண்டு. நெற்பயிரில் இலையுறைக் கருகலை விளைவிக்கும் ரைசாக்டோனியா சொலானி என்னும் பூஞ்சணமே புல்தரையிலும் பழுப்புத் திட்டு நோயை உண்டாக்குகிறது. நெல்லும் புல்லினத்தைச் சேர்ந்ததன்றோ!

இப்பூஞ்சணம் கடுகு போன்ற சிற்றுருண்டைகளாக மண்ணில் உறங்கிக் கிடக்கும். இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் குறையாதிருந்து, இலையும் பத்து மணி நேரத்துக்கு மேல் நனைந்தே இருப்பின் விழித்தெழும். மும்பை மழைக்கால இரவுகளில் இவ்விரண்டிற்கும் குறைவில்லை. இப்பொழுதோ காலநிலையும் மாறி வருகிறது. வெப்பம் ஒரு பாகை மிகுந்தால், காற்று ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுதலான நீராவியை ஏற்க வல்லது. ஜூன் 11ஆம் நாளையொட்டி மும்பைக்கு வரும் பருவமழை, 2025ஆம் ஆண்டில் மே 26ஆம் நாளே வந்துவிட்டது. ஈர நாட்கள் நீளுமாயின் பூஞ்சணத்தின் ஆட்சியும் நீளும்.

ஆயினும் பழி முழுவதையும் வானத்தின்மேல் சுமத்துதல் முறையன்று. மழையில் பசுமை ஏறட்டும் என்று யூரியாவை அள்ளி இடச் சொன்னவர் நாமே. தழைச்சத்து மிகுந்த இளந்தளிர் இந்நோய்க்கு எளிதில் இரையாகும். மழை ஓய்ந்த நாட்களில், தோட்டக்காரரை மாலை ஆறு மணிக்குத் தண்ணீர் விடப் பணித்தவரும் நாமே. அந்நீர் விடியுமட்டும் இலையிலேயே தங்கிற்று.

ஆதலின் செய்யத்தக்கவை இவை: தண்ணீரை விடியற்காலையில் மட்டும் விடுக. காலைப் பனியை நீண்ட மூங்கிற் கழியால் வருடி உதிர்த்துவிடுக. ஈரப் புல்லை வெட்டாதீர். வெட்டுங்கால் கூரிய கத்தி கொண்டு, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வெட்டுக. நோயுற்ற இடத்தை இறுதியில் வெட்டி, கருவியைக் கழுவுக. இறுகிய மண்ணைக் கவைக்கோலால் குத்தி, மணல் தூவி, நீர் வடிய வழி செய்க. மழைக்காலத்தில் யூரியாவை நிறுத்துக. மருந்து தெளிப்பதைக் கடைசி வழியாகக் கொள்க. ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் தெளித்தால் பூஞ்சணம் அதற்குப் பழகிவிடும். குழந்தைகள் புரளும் இடம் என்பதையும் மறத்தலாகாது.

சிமெண்டுக் கல் நோயற்றதுதான். ஆனால் அது நீரை உண்ணாது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், தாராவி முதல் செம்பூர் வரை நம்மவர் பட்ட பாட்டையும் மூத்தோர் மறந்திரார். ஒரு துண்டு மண்ணேனும் திறந்திருப்பது நன்று.

கூட்டத்தார் பொங்கல் வரை தவணை தந்துள்ளனர். தோட்டக்காரரின் வேலை நேரத்தைக் காலைக்கு மாற்றியிருக்கிறோம். மழை நின்றபின் திட்டுகள் பரவவில்லை. அவற்றின் ஓரங்களிலிருந்து அருகம்புல் கொடியோடி உள்நோக்கி வருகிறது. நாள்தோறும் பள்ளி விட்டு வரும் சிறுவர்கள் அது எத்தனை விரற்கடை வளர்ந்தது என்று அளந்து பார்க்கின்றனர். பொங்கலுக்குள் வட்டம் மூடிவிடும் என்பது அவர்கள் கணக்கு; நம் விருப்பமும் அதுவே.