ஓதுவோம், 1990க்கும் அடிப்போம்

எங்கள் எருக்கலம்பிட்டியில் காய்ச்சலோடு படுத்த பிள்ளை திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், உம்மாவையே யாரென்று கேட்டால், வீட்டில் முதலில் எழும்பும் பேச்சு என்ன? "என்னமோ பட்டிருக்கு, ஓதிப் பார்ப்போம்." நாங்கள் இதைக் கேலி பண்ண வரவில்லை. நாங்களும் ஓதின தண்ணி குடிச்சு வளர்ந்த பிள்ளைகள்தான். எங்கள் கவலை, போகிற நேரத்தைப் பற்றியது.

காய்ச்சலோடு தலையிடி, தடுமாற்றம், வலிப்பு, குணமாற்றம் வந்தால் அது மூளையழற்சியாக இருக்கலாம். அதன் காரணங்களில் ஒன்று ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். உதட்டோரம் கொப்புளம் போடுகிற அதே வைரஸ்தான். கொப்புளிப்பானையும் அக்கியையும் தரும் வைரஸ் இதே குடும்பம். இது மூளையைத் தாக்குவது அபூர்வம். வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் 2 முதல் 4 பேர். ஆனால் தாக்கிவிட்டால், மருந்தில்லாமல் 10 பேரில் 7 பேரளவில் மௌத்தாகிறார்கள்.

மருந்து இருக்கிறது: அசைக்ளோவிர். 1986இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் பழைய மருந்து ஏற்றியவர்களில் 54 வீதமானோர் இறந்தார்கள். இது ஏற்றியவர்களில் 28 வீதம். நினைவு முழுதாய்த் தப்ப முன் தொடங்கியவர்களே நன்றாகத் தேறினார்கள். அதனால்தான் டொக்டர்மார் முள்ளந்தண்டு நீரின் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், சந்தேகம் வந்ததுமே ஏற்றத் தொடங்குகிறார்கள். அவர்களே காத்திராதபோது நாங்கள் ஏன் விடியும்வரை காத்திருக்கிறோம்?

பார்மசியில் குளிசை வாங்கிப் போட்டால் போதாது. மூளைக்குத் தேவையான அளவு நாளத்தால் ஏற்றினால்தான் கிடைக்கும். 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, சிறுநீரகம் பாதிக்காமலிருக்க ஒவ்வொரு முறையும் ஒரு மணித்தியாலமாக மெதுவாக, 14 முதல் 21 நாள். காய்ச்சல் விட்டதும் "துண்டு வெட்டித் தாங்க" என்று நிற்கக் கூடாது. இடையில் விட்டால் நோய் திரும்பலாம்.

கடலுக்குப் போகிற வாப்பாவுக்கு மூன்று கிழமை வோர்டில் நிற்பது லேசான காரியமில்லை. அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். வீட்டு அடுப்பு இலவசமில்லை. அந்த நாட்களில் முறைவைத்துத் துணைக்கு நிற்பதும், அந்த வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புவதும் எங்களைப் போன்ற இளைஞர்களின் வேலை.

1990 என்றால் எங்கள் பெரியவர்களுக்கு ஊரைவிட்டு விரட்டப்பட்ட வருடம். இன்றைக்கு அதே 1990 சுவசெரிய அம்புலன்சின் இலவச இலக்கம். முதலில் அதற்கு அடியுங்கள். ஓதுகிறவர் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்து கட்டில் பக்கத்தில் நின்று ஓதலாம். துஆவுக்கு இடம் தடையில்லை.