குரங்குக் காய்ச்சலும் கூலி உழைப்பாளியும்

காட்டில் ஒரு குரங்கு செத்து விழுகிறது. அதன் உடலில் ஒட்டியிருந்த உண்ணிகள் உதிர்ந்து, அடுத்த இரத்தத்துக்காகக் காத்திருக்கின்றன. சுள்ளி பொறுக்க, சருகு அள்ள, மாடு மேய்க்க வருகிற உழைப்பாளியின் காலில் அவை ஏறுகின்றன. சில நாட்களில் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி, சிலருக்கு இரத்தப்போக்கு. நோய் கண்ட நூறு பேரில் மூன்று முதல் ஐந்து பேர் வரை மாண்டு போகின்றனர்.

இதுதான் கியாசனூர் காட்டு நோய். ஜனங்கள் வைத்த பெயர் குரங்குக் காய்ச்சல். 1957-ல், இன்றைய கர்நாடகத்தின் ஷிமோகா ஜில்லாவில் கியாசனூர் காட்டருகே முதலில் தென்பட்டது. பூனா வைரஸ் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் விரைந்து சென்று கிருமியைப் பிரித்தெடுத்தனர். உண்ணியே அதைப் பரப்புகிறது என்று நிலைநாட்டினர். அந்த உழைப்பை நாம் போற்றுகிறோம். ஆனால் அதன் பலன் காட்டோரக் குடிசைக்கு வந்து சேர்ந்ததா?

1937-ல் சோவியத் தூரக் கிழக்குக் காடுகளில் இதே இனத்து உண்ணிக் காய்ச்சல் மரம்வெட்டிகளைத் தாக்கியது. ஸில்பர் தலைமையில் சென்ற விஞ்ஞானிகள் ஒரே பருவத்தில் காரணத்தைக் கண்டனர். சில ஆண்டுகளுக்குள் தடுப்பூசியும் வந்தது. இங்கோ, 1990 முதல் போட்டு வந்த தடுப்பூசி போதிய காப்புத் தரவில்லை என்று 2022-ல் கைவிடப்பட்டது. புதியதற்கான முயற்சி நடக்கிறது. நோய் கண்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம்பத்தக்க தடுப்பூசி இல்லை. இந்த நோயில் விழுகிறவர்கள் ஏழைகள். அவர்களிடம் மருந்து விற்று லாபம் காண முடியாது. வேறென்ன காரணம்?

குரங்கைப் பழிப்பதில் பயனில்லை. அதுவும் நோய்க்குப் பலியாகும் ஜீவன்தான். 1980-களின் தொடக்கத்தில் தென் கன்னடத்தின் பெள்தங்கடி தாலூகாவில் முந்திரித் தோட்டத்துக்காகக் காட்டை அழித்தபோது நோய் பெருகியது. 2012 முதல் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, கோவா என்று அது எல்லை தாண்டியது. காடழிப்பின் லாபம் ஒருவனுக்கு, காய்ச்சல் இன்னொருவனுக்கு!

"காட்டுக்குப் போகாதீர்கள்" என்று உபதேசிக்கிறார்கள். போகாவிட்டால் அடுப்பு எப்படி எரியும்? அன்றைய கூலியை யார் தருவார்கள்? ஆலைத் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற உரிமைகளில் ஒன்று, 1948-ல் வந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் நோய்க்கால உதவித்தொகை. காட்டில் கூலி செய்பவனுக்கு அப்படி ஏதும் இல்லை. படுத்த நாள் பட்டினி நாள்.

எனவே நாம் கோருவது இது:

குரங்கு செத்தால் உடனே தகவல் பெற்று, அந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்ணியை ஒழிக்க வேண்டும். டிசம்பர் முதல் மே வரை நோய்ப் பருவத்தில், உண்ணியை விரட்டும் எண்ணெயை வீடுதோறும் இலவசமாகத் தர வேண்டும். இரத்தப் பரிசோதனை தாலூகா ஆஸ்பத்திரியிலேயே நடக்க வேண்டும். காட்டு வேலை, தோட்ட வேலை செய்வோருக்கு இதைத் தொழில் நோயாக ஏற்று, இழந்த கூலியும், இறந்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈடும் வழங்க வேண்டும். தடுப்பூசி ஆராய்ச்சிக்குச் சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும். வந்த ஊசியை லாபப் பண்டமாக்கக் கூடாது.

விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் இக்கோரிக்கைகளைக் கிராமந்தோறும் எடுத்துச் செல்லட்டும். ஆலைத் தொழிலாளர்கள் தோள் கொடுக்கட்டும். விஞ்ஞானம் உழைப்பவனுக்குச் சொந்தமாகும்வரை நாம் ஓயமாட்டோம்!